அச்சை விட்டு விலகிப் பாருங்கள்: ஃபெர்ரோஎலெக்ட்ரிக் செராமிக்குகளில் எலெக்ட்ரான் டிஃப்ராக்ஷன், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முதலில் கருவி. 200 கிலோவோல்ட், லாந்தனம் ஹெக்சாபோரைடு இழை கொண்ட சாதாரண டெம் (ட்ரான்ஸ்மிஷன் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்), இருதிசைச் சாய்வு ஹோல்டர், சூடாக்கும் ஹோல்டர், திரவ நைட்ரஜன் ஹோல்டர், சீமாஸ் கேமரா. மாதிரிகள் பெரும்பாலும் பேரியம் டைட்டனேட்டும் சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டும். சராசரிப் படிக ஒழுங்கு தரும் கூரிய பிராக் புள்ளிகளுக்கு இடையே விழும் மங்கலான டிஃப்யூஸ் சிதறலைப் பார்க்கும் இந்த வேலைக்குப் பிறழ்ச்சி திருத்திய விலையுயர்ந்த மைக்ராஸ்கோப் தேவையில்லை. நன்றாகச் சாயும் ஹோல்டரும் பொறுமையும் போதும். அணுக்கள் சராசரி இடத்தைவிட்டு எந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன, அந்த நகர்வு எத்தனை அலகுக்கூடுகள் வரை ஒத்துப்போகிறது என்று அறிய இதைவிட விரைவான வழி இல்லை. நகர்வின் அளவு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று கேட்டால் மட்டும் இந்த முறையிடம் நம்பத்தக்க பதில் கிடைக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பேரியம் டைட்டனேட்டிலிருந்து தொடங்குவது நல்லது, விடை முன்பே தெரிந்த பொருள் என்பதால். 1968-இல் கோமெஸ், லாம்பர்ட், கீனியே மூவரும் எக்ஸ்ரே படங்களை வைத்துச் சொன்ன சங்கிலி மாதிரி இன்றும் நிற்கிறது. டைட்டானியம் ஆக்ஸிஜன் எண்முகியின் நடுவில் இருப்பதில்லை. <111> திசைகளில் ஒன்றை நோக்கித் தள்ளியிருக்கும். ஒரு <100> சங்கிலிக்குள் அடுத்தடுத்த டைட்டானியங்கள் சங்கிலியின் போக்கில் ஒரே பக்கம் தள்ளப்படுகின்றன. பக்கத்துச் சங்கிலிக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. அதனால் தலைகீழ் வெளியில் (டிஃப்ராக்ஷன் படங்களை விளக்கும் கணித வெளி) சங்கிலிக்குச் செங்குத்தாக மெல்லிய தகடுகளாகச் சிதறல் பரவுகிறது. எவால்டு கோளம் (அந்த வெளியில் எவை படத்தில் தெரியும் என்று காட்டும் கற்பனைக் கோளம்) அந்தத் தகட்டை வெட்டும் இடத்தைத்தான் படத்தில் டிஃப்யூஸ் கோடாகப் பார்க்கிறோம்.

சுமார் 130 °செ-க்கு மேல், கனசதுர நிலையில், இந்தத் தகடுகளில் மூன்று குடும்பங்கள் இருக்கும். அறை வெப்பநிலையின் நாற்கோண நிலையில் இரண்டு. சுமார் 5 °செ-க்குக் கீழே ஆர்த்தோராம்பிக் நிலையில் ஒன்று. −90 °செ-க்குக் கீழே ராம்போஹெட்ரலில் எதுவுமில்லை. ஹோல்டரின் வெப்பநிலை அளவீடு சரியா, கேமராவின் உணர்திறன் போதுமா என்று சோதிக்க இந்த வரிசையே போதும். அறை வெப்பநிலையிலேயே மூன்று குடும்பமும் தெரிந்தால் அது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. படமெடுக்கும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் அப்பெர்ச்சருக்குள் 90° டொமைன்கள் (துருவத்திசை ஒன்றுக்கொன்று 90° மாறிய பகுதிகள்) இரண்டு விழுந்திருக்கின்றன. சிறிய அப்பெர்ச்சரை இட்டு, ஒரே டொமைனுக்குள் நின்று மறுபடி எடுங்கள்.

பலரும் சறுக்குவது சாய்வில். [001] மண்டல அச்சில், அதாவது கற்றை படிகத்தின் [001] திசையில் பாயும்படி, நின்றால் படம் அழகாக இருக்கும். ஆனால் தேடிவந்த கோடுகள் பிராக் புள்ளி வரிசைகளின் மேலேயே படுத்திருக்கும். போதாக்குறைக்கு, ஒரே எலெக்ட்ரான் பலமுறை சிதறும் பன்மடங்குச் சிதறல் உச்சத்தில் இருக்கும். செய்ய வேண்டியது: 100 வரிசையைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி 8 முதல் 12° சாய்க்கவும். பக்கத்துப் புள்ளிகள் அணைந்து, அந்த வரிசைக்குச் செங்குத்தான கோடுகள் தனியாகத் துலங்கும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. 100 வரிசை இன்னும் பிரகாசமாக எரிவதால், 1-ஆம் கோட்டின் நகல் ஒன்று நடுப்புள்ளி வழியாகவும் விழும். வரிசையைவிட்டு இன்னும் ஓரிரு டிகிரி விலகினால் அந்த நகல் மறையும்.

அது நகல்தான் என்று எப்படித் தெரியும்? ஒத்துப்போகும் நகர்வு சங்கிலியின் திசையில் இருக்கிறது. நடுப்புள்ளி வழியாகச் செல்லும் தகடு அந்தத் திசைக்குச் செங்குத்து. சிதறல் திசையனும் நகர்வும் செங்குத்தாக இருந்தால் தீவிரம் பூஜ்யம். ஆகவே நடுப்புள்ளியைக் கடக்கும் கோடு இருக்கவே கூடாது. இருந்தால் பன்மடங்குச் சிதறல் இன்னும் அடங்கவில்லை என்று கொள்ளலாம். இவ்வளவு மலிவான சோதனை வேறு எதிலும் அமையாது. செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

கிக்குச்சிக் கோடுகளை (ஏற்கெனவே சிதறிய எலெக்ட்ரான்கள் படிகத் தளங்களில் மறுபடி சிதறித் தருபவை) டிஃப்யூஸ் கோடு என்று நினைத்துவிடுவதும் உண்டு. 1° சாய்த்துப் பாருங்கள். 1° என்பது 17.5 மில்லிரேடியன்; 200 கிலோவோல்ட்டில் 000-க்கும் 100-க்கும் இடையே சுமார் 6.3 மில்லிரேடியன்தான். கிக்குச்சிக் கோடு படிகத்தோடு ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று புள்ளி இடைவெளி ஓடிவிடும். 100 வரிசையைச் சுற்றிச் சாய்க்கையில் டிஃப்யூஸ் கோடு இருந்த இடத்திலேயே நிற்கும்.

வெப்ப அதிர்வால் வரும் சிதறல் இன்னொரு தொல்லை. எனர்ஜி ஃபில்டர் பிளாஸ்மான் (எலெக்ட்ரான்களின் கூட்டதிர்வு) இழப்புகளை நீக்கிப் பின்னணியைச் சுத்தமாக்கும். ஆனால் ஃபோனான் (அணுக்களின் அதிர்வு) இழப்பு மில்லி எலெக்ட்ரான்வோல்ட் அளவில் இருப்பதால் 10 எலெக்ட்ரான்வோல்ட் பிளவு அதைத் தடுக்காது. குளிர்வித்துப் பார்ப்பதுதான் வழி: அதிர்வுச் சிதறல் படிப்படியாகக் குறையும், பேரியம் டைட்டனேட்டின் தகடுகளோ நிலைமாற்றத்தில் குடும்பம் குடும்பமாக மறையும்.

மாதிரித் தயாரிப்பில் என் சாய்வு பொடிப் பக்கம். அகேட் உரலில் எத்தனால் விட்டு அரைத்து, ஓட்டையுள்ள கார்பன் கிரிடில் ஒரு சொட்டு. ஓட்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கை மட்டும் எடுக்கவும். கார்பன் படலத்தின் ஒளிவளையம் 2.1 ஆங்ஸ்ட்ராம் அருகே, அதாவது 200 புள்ளியை ஒட்டியே விழும். மங்கலான கோடு அதில் மூழ்கிவிடும். மணி எல்லை, டொமைன் அமைப்பு வேண்டுமென்றால் அயான் மில்லிங்: 3 மி.மீ. வட்டு, 100 மைக்ரான் வரை தேய்ப்பு, நடுவில் 20 மைக்ரான் வரை குழி, பிறகு 4 கிலோவோல்ட்டில் 4–5° கோணத்தில் ஆர்கான். கடைசிக் கால் மணி நேரம் 1 கிலோவோல்ட்டுக்கு அருகில் இறக்கினால் மேற்பரப்பின் ஒழுங்கற்ற படலம் மெலியும். பிஸ்மத், ஈயம் உள்ளவற்றுக்குக் குளிர்மேடை அவசியம். சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டில் தேய்ப்பின் அழுத்தமே டொமைன்களை மாற்றிவிடும் என்பதால், மில்லிங்குக்கு முன் 400 °செ-யில் ஒருமுறை சூடாக்கி ஆற்றுவது நல்லது.

அந்தப் பொருளில் பார்க்க வேண்டியது எண்முகிச் சாய்வின் அரைப் புள்ளிகள், அதாவது பிராக் புள்ளிகளுக்கு நடுவே ½(ஒற்றை, ஒற்றை, …) வடிவக் குறியெண்களில் விழுபவை. அடைப்புக்குள் மூன்றும் ஒற்றையெண் என்றால் எதிர்த்திசைச் சாய்வு (அச்சின் வழியே அடுத்தடுத்த எண்முகிகள் எதிரெதிராகச் சாய்பவை). இரண்டு ஒற்றை, ஒன்று இரட்டை என்றால் ஒத்தசாய்வு (ஒரே பக்கம் சாய்பவை). [001] அச்சில் ஒத்தசாய்வும் [110] வகை அச்சில் எதிர்த்திசைச் சாய்வும் தெரியும். ½(111) புள்ளியில்தான் கவனம் வேண்டும். எதிர்த்திசைச் சாய்வு கொண்ட ஆர்3சி என்ற ராம்போஹெட்ரல் அமைப்பில் சமச்சீரின்படி அது வரக் கூடாது, ஆனால் மண்டல அச்சில் வந்துவிடும். 111 வரிசையைப் பிடித்துக்கொண்டு 10° சுழற்றுங்கள்: மறைந்தால் வெறும் இரட்டைச் சிதறல். லெட் மக்னீசியம் நியோபேட்டில் சுழற்றிய பிறகும் அது நிற்கும். அங்கே மக்னீசியமும் நியோபியமும் சில நானோமீட்டர் பகுதிகளில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் வரும் புள்ளி அது.

படமெடுக்கும்போது இரண்டாம் கண்டென்சர் லென்ஸால் எலெக்ட்ரான் கற்றையை நன்றாக விரித்து இணையாக்கவும். இல்லையேல் கோட்டின் அகலம் கற்றையின் அகலமாகிவிடும். நடுப்புள்ளியைத் தடுப்பானால் மறைத்து, ஒரே நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதிலாக அரை விநாடிப் படங்கள் நூறு எடுத்துக் கூட்டி, லாக் அளவில் பாருங்கள். கோட்டின் அகலம் புள்ளி இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒத்துப்போகும் நீளம் சுமார் பத்து அலகுக்கூடு, அதாவது 4 நா.மீ. கற்றையைக் கூம்பாகச் சுழற்றி எடுக்கும் பிரிசெஷன் முறை அரைப் புள்ளிகளின் தீவிரத்தை ஒப்பிட உதவும். சாய்ந்த தகடுகளின் கோடுகளை அது மழுங்கடிக்கும், அப்போது அணைத்துவிடுங்கள். முப்பரிமாணத் தொகுப்பு வேண்டுமென்றால் 0.1–0.2° படிகளில் தொடர்ந்து எடுத்து பெட்ஸ் மென்பொருளில் அடுக்கலாம். நகர்வின் அளவுக்கு நியூட்ரான் பிடிஎஃப் (அணுச்சோடிகளின் தொலைவுப் பரவலை அளக்கும் முறை) பக்கம் போவதே சரி. டிஸ்கஸ் மென்பொருளில் அணு அமைப்பின் மாதிரி கட்டும்போது திசையையும் நீளத்தையும் இந்தப் படங்களிலிருந்து கொடுத்துவிடலாம்.