அரை யூனிட்டில் உடுப்பு காயும் என்று விற்கிறார்கள், கவனம்

மாரி வந்ததும் திருகோணமலைக் கடைகளில் உடுப்பு காயவைக்கும் கூடாரம் என்று ஒரு சாமான் விற்பனைக்கு வந்திருக்கிறது. குழாய்களைப் பொருத்தி இரண்டு தட்டாக நிறுத்தும் ஒரு சட்டம், அதைச் சுற்றி சிப் வைத்த துணி உறை, அடியில் சூடான காற்று ஊதும் ஹீட்டர். இவ்வளவுதான் அது. ஆனால் அதற்குச் சொல்லும் கதை பெரிது. அந்தக் கதைக்குக் காசு கொடுத்த வீடு எங்களுடையது. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் உங்களுக்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் இதே கதையை வேறு இடங்களிலும் சொல்கிறார்கள்.

கதை இதுதான்: பத்துக் கிலோ உடுப்பு, அரை மணித்தியாலம், அரை யூனிட் கரண்ட். "அக்கா, ஒரு பேன் ஓடுற மாதிரித்தான், பில்லில தெரியவே தெரியாது" என்றார் கடையில் நின்ற தம்பி. கூடவே பிளக்கில் செருகி வைத்தால் வீட்டின் மொத்தக் கரண்ட் பில்லையும் குறைக்குமாம் என்று பச்சை லைட் எரியும் சின்னப் பெட்டி ஒன்று இலவசம். அவர் சொன்னதையெல்லாம் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். அந்த எழுத்துத்தான் இப்போது என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம்.

நாங்கள் இருப்பது உப்புவெளிப் பக்கம், கடல் கூப்பிடு தூரத்தில். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்துவிட்டால் கொடியில் போட்ட துவாய் இரண்டாம் நாளும் ஈரமாகத்தான் கிடக்கும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை காயாமல் காலையில் ஈரத்தோடு அயன் பண்ணுகிற பாடு இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அந்த அந்தரத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள்.

கூடாரத்தில் பத்துக் கிலோ உடுப்பை அடைக்க முயன்றால் சட்டமே வளைகிறது. பாதிக்கும் குறைவாகப் போட்டு, அதுவும் மெசினில் நன்றாக ஸ்பின் பண்ணிய பிறகு போட்டு, மூன்று மணித்தியாலம் அளவில்தான் காய்ந்தது. அப்போதும் அடியில் தொங்கியவை மொறமொறவென்று இருக்க, மேல்தட்டில் ஜீன்ஸின் இடுப்புப்பட்டி ஈரமாகவே இருந்தது. இன்னொன்றையும் கடையில் சொல்வதில்லை: உடுப்பிலிருந்து கிளம்பும் ஈரம் வெளியே போகக் குழாய் எதுவும் இல்லை, எல்லாம் அறைக்குள்தான் வருகிறது. மழைக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தால் சுவர் வியர்க்கும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும்.

கரண்ட் கணக்குக்கு வருவோம். ஹீட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 1000 வோட்ஸ் என்று இருக்கிறது. 1000 வோட்ஸ் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். மூன்று மணித்தியாலம் என்றால் மூன்று யூனிட். பிரிட்ஜையும் மற்றவற்றையும் நிற்பாட்டிவிட்டு மின்சார சபையின் மீற்றரைப் பார்த்தோம், அதுவும் அதையேதான் சொன்னது. மேசை பேன் ஒன்று ஐம்பது வோட்ஸ் அளவில் ஓடும், சீலிங் பேன் எழுபது எழுபத்தைந்து. தம்பி சொன்ன "ஒரு பேன் மாதிரி" என்பது பதின்மூன்று பதினான்கு சீலிங் பேன் மாதிரி.

இந்தக் கூடாரம் மட்டும்தான் மோசம், வேறு நல்ல பிராண்ட் வாங்கினால் அரை யூனிட்டில் காயும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகள் மறைவெப்பக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2400 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3600 கிலோயூல். அப்படியென்றால் ஒரு லீற்றருக்கு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. துளி வெப்பமும் வீணாகாத ஹீட்டர் இருந்தாலும் அரை யூனிட்டுக்கு முக்கால் லீற்றர் தண்ணீர்தான் போகும். பத்துக் கிலோ உடுப்பை நல்ல மெசினில் ஸ்பின் பண்ணி எடுத்தாலும் அதற்குள் ஐந்து லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். எந்த ஹீட்டராலும் அந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. ஹீட் பம்ப் என்று ஒரு வகை டிரையர் இருக்கிறது, அது ஈரக்காற்றின் வெப்பத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துவதால் சாதாரண டிரையரின் பாதியளவு கரண்டில் வேலையை முடிக்கும். ஆனால் அது கம்பிரசர் வைத்த பெரிய மெசின், விலையும் எங்கேயோ. குழாயும் துணியும் ஹீட் பம்ப் ஆகாது.

பில்லில் இது எப்படி ஏறும் என்பதையும் பாருங்கள். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது: 60, 90, 120, 180 என்று எல்லை தாண்டத் தாண்ட அடுத்த யூனிட்டின் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். மாதம் 85 யூனிட் எரிக்கும் வீடு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று யூனிட் கூடாரத்துக்குக் கொடுத்தால் 130 வந்துவிடும். இரண்டு படி ஒரேயடியாக.

அந்த இலவசப் பெட்டியைக் குப்பையில் போடலாம். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கெப்பாசிற்றரும் லைட்டும்தான். கெப்பாசிற்றர் செய்வது பவர் பெக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் எத்தனை பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தை, திருத்துவது. வீட்டு மீற்றர் அதற்குக் காசு எடுப்பதில்லை, உண்மையாக எரிந்த யூனிட்டுக்குத்தான் எடுக்கிறது. அதிலும் ஹீட்டர் போன்ற சாமானில் திருத்துவதற்கு ஒன்றுமே கிடையாது. அந்த லைட் எரிகிற கரண்டும் நம் கணக்கில்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது பிளக்கில். நம் நாட்டில் இப்போது நியமம் சதுர முனை 13 அம்பியர் பிளக். இதில் வந்தது தட்டையான இரண்டு முனைப் பிளக், எர்த் இல்லை, கூடவே ஒரு மலிவான அடப்டர். 1000 வோட்ஸ் 230 வோல்ட்டில் நாலு அம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. அடப்டர் சூடாகி ஒரு பக்கம் பழுப்பாகி, கருகல் மணம் வந்த பிறகு கழற்றிவிட்டோம். துணியால் மூடிய கூடாரத்தை இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்றும் அந்தத் தம்பி சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

திருப்பிக் கொண்டுபோனதும் வந்த பதில்கள்: முதலில் "மழைக்காலம்தானே அக்கா, அப்படித்தான் இருக்கும்". மழைக்காலத்துக்கு என்றுதானே விற்றீர்கள் என்றதும், கொழும்பு ஏஜென்டிடம் கேட்க வேண்டும் என்றார்கள். பிறகு முதலாளி வந்து, காசு தர முடியாது, வேண்டுமென்றால் ஒரு ரைஸ் குக்கர் எடுங்கள் என்றார். வொரண்டி அட்டையில் பொடி எழுத்தில் ஹீட்டருக்கும் வயருக்கும் வொரண்டி இல்லை என்று இருந்தது. அந்த இரண்டையும் விட்டால் அதில் பழுதாக வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடித்துக் கேட்டு, பிறகு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளைப் பற்றி இல்லாததைச் சொல்லி விற்பது குற்றம், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவும் வேண்டும். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். வொரண்டி பார்ப்போம், ஏஜென்ட் வரட்டும் என்று கடை இழுத்தடிப்பதன் பலன் யாருக்கு என்று இதிலிருந்து தெரியும்.

சரி, காசைக் கொட்டாமல் மாரியில் உடுப்பு காயவைப்பது எப்படி? தண்ணீரைச் சூட்டால் எடுப்பதுதான் விலை கூடியது, சுழற்றி எடுப்பது மிக மலிவு. ஸ்பின்னை இரண்டாம் தரம் ஒருமுறை ஓட விடுங்கள், அதற்குப் போகும் கரண்ட் பில்லில் கண்ணுக்கே படாது. துவாயையும் ஜீன்ஸையும் மெல்லிய துணிகளோடு கலக்காமல் தனியாகப் போட்டால் இரண்டுமே நன்றாகப் பிழிபடும். கையால் தோய்ப்பவர்கள் சட்டையைக் காய்ந்த துவாய்க்குள் சுருட்டி மிதித்து எடுக்கலாம். பிறகு விறாந்தையில் ஹேங்கரில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு ஒரு பேன். நாலு மணித்தியாலம் ஓடினாலும் கால் யூனிட்டைச் சுற்றித்தான் வரும். ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும்.

எங்களைப் போலக் கடலோரம் இருப்பவர்கள் பொழுதுபடுமுன் உடுப்பை உள்ளே எடுத்துவிடுங்கள். உப்புக்காற்று பட்ட துணி இரவு ஈரத்தைத் திரும்ப இழுக்கும். கொடிக்குக் கம்பி வேண்டாம், நைலோன் கயிறுதான் நல்லது, இங்கே கம்பி துருப்பிடித்துக் கறை அடிக்கும். திரைச்சீலை, தடித்த போர்வை எல்லாம் கச்சான் காற்று வீசும் வெயில் காலத்திலேயே தோய்த்து வைத்துவிட்டால் மாரியில் அரைவாசிப் பாரம் குறையும்.

போன கிழமை கடையிலிருந்து அழைப்பு வந்தது, பாதிக் காசு தருகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்று. முழுக்காசும் கொடுத்தால் பேசலாம் என்று சொல்லி, அவர்கள் தம்பி கையால் எழுதிய பில்லின் பின்பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இதே கூடாரத்தை வாங்கியவர்கள் இருந்தால் பெட்டி, பில், அடப்டர் மூன்றையும் எறியாமல் வையுங்கள். பில்லில் திகதியை இன்றைக்கே பாருங்கள், மூன்று மாதம் தாண்டியிருக்கக் கூடாது.