பாதைத் தகராறு: வாய்ப்பேச்சா, பத்திரமா, கோர்ட்டா?

பக்கத்து நிலத்தின் வழியாகத்தான் உங்கள் இடத்துக்குப் போக முடியும், அந்த நிலத்துக்காரர் வேலி போடப் போகிறேன் என்கிறார். நம்மூரில் எல்லோரும் முதலில் சொல்வது, "நாலு பேரை வைத்துப் பேசி முடிங்க."

பேசலாம், செலவும் இல்லை. ஆனால் "சரி, போய்க்கோங்க" என்று அவர் சொல்வது வெறும் அனுமதிதான், உரிமை ஆகாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி (பாதை போல, அடுத்தவர் நிலத்தின் மீது நமக்குள்ள உரிமைகளைப் பற்றியது) அந்த அனுமதியைப் பொதுவாக அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், நிலத்தை விற்றுவிட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: யாரையும் கேட்காமல், வெளிப்படையாக, தடையில்லாமல் 20 வருஷம் (அரசு நிலம் என்றால் 30) நடந்து வந்தால் பாதை உரிமையே கிடைக்கும், ஆனால் அனுமதியின் பேரில் நடந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மரியாதைக்காக "தயவுசெய்து அனுமதியுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

என் ஓட்டு பதிவுப் பத்திரத்துக்கு. பாதையின் அகலம், இரு தரப்பு சர்வே எண்கள், நடக்க மட்டுமா வண்டியும் போகலாமா, அடியில் தண்ணீர்க் குழாய் பதிக்கலாமா, பராமரிப்பு யார் பொறுப்பு என்று எல்லாம் எழுதி, வரைபடம் இணைத்துப் பதிந்துவிட்டால் நாளை நிலம் கைமாறினாலும் வில்லங்கச் சான்றிதழில் தெரியும். அவர் பணம் கேட்பார்தான். நியாயமான தொகை என்றால் கொடுத்துவிடுவதே மேல், வழக்கு நடத்துவதோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் மலிவு. கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், பல பத்திரங்கள் அங்கேதான் நின்றுபோகின்றன.

சிவில் வழக்கு, அவர் ஏற்கெனவே பாதையை அடைத்துவிட்டால் மட்டும். இடைக்காலத் தடை கேட்கலாம், நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்பி இடத்தைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஆனால் 20 வருஷ அனுபவத்தைச் சாட்சியோடு நிரூபிப்பது உங்கள் தலையில். "வேறு வழியே இல்லை" என்று அவசியப் பாதை கேட்பதும் எளிதல்ல: இரண்டு இடமும் முன்பு ஒருவர் கையில் இருந்து விற்பனையிலோ பாகப்பிரிவினையிலோ பிரிந்திருக்க வேண்டும், சுற்றிப் போக வழி இருந்தால் தூரம் அதிகம் என்பதெல்லாம் எடுபடாது. கோபத்தில் வேலியை நீங்களே பிடுங்கிப் போடக் கூடாது, உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும் சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தை (லோக் அதாலத்) பலர் கண்டுகொள்வதே இல்லை. அங்கே சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நிலுவையில் உள்ள வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரத்துக்கு மசியாத ஆள்கூட, இடைக்காலத் தடை வந்தபிறகு இங்கே உட்காரச் சம்மதிப்பதுண்டு.

எந்த வழியில் இறங்கினாலும் முதலில் இருவரின் மூலப் பத்திரங்களையும் எடுத்து நான்கெல்லையைப் படியுங்கள். "வண்டிப்பாதைக்குத் தெற்கு" என்று பழைய கிரயத்தில் ஒரு வரி இருந்துவிட்டால், பேச்சு தொடங்கும் இடமே மாறிவிடும்.