கண்டிக் கைதிகளின் பெயரால் விற்கப்படும் பொய்க்கதை: நிலம்பேப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் வாசியுங்கள்

சென்ற ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில், நானும் என் அக்காவும் உயர்தரத்தில் வரலாறு படிக்கும் அவருடைய மகளும் ஒரு மூன்று நாள் பயணத்துக்குப் பணம் கட்டினோம். இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர்கள், அரசனைக் கொல்ல நடந்த சதியை அரண்மனைக்குள்ளேயே கண்டுபிடித்து அவனைக் காப்பாற்றினார்கள் என்றும், மூதூரிலிருந்து நிலம்பே, ஹங்குராங்கெத்த வழியாக வடமேற்குக் கரையில் உள்ள அரிப்பு என்ற ஊர் வரை அவர்கள் சென்ற இடங்களை எல்லாம் ஆய்வறிவுள்ள வழிகாட்டி ஒருவர் காட்டுவார் என்றும் விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு 28,000 ரூபாய். மூவருக்கும் சேர்த்து 84,000 ரூபாயில் 50,000 ரூபாயை முற்பணமாக வங்கியில் வைப்பிட்டோம். முறைப்பாடு இன்னும் முடிவுக்கு வராததால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆயினும் இதே கதையை இதே பாதையில் விற்பவர்கள் வேறு சிலரும் இருப்பதாக அறிந்ததால், நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதல் நாள் மூதூரில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்ததும், 1660 ஏப்ரலில் கப்பல் தலைவரும் அவருடைய மகனும் உட்படப் பதினாறு பேர் அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டதும் அந்தக் கரையில்தான். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர், றொபேட் நொக்ஸ். 1893இல் அங்கே வைக்கப்பட்ட நினைவுக்கல், பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த மகனையே கப்பலின் தலைவர் என்று சொல்கிறது. உண்மையில் தலைவராக இருந்தவர் தந்தை. அவர் பிடிபட்ட மறு ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். இருபது வயது மகன்தான் அவருக்குப் புதைகுழி தோண்டினான். இதை நான் வழிகாட்டியிடம் கேட்டபோது, கல்லில் எழுதியிருப்பதே சரியென்று சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறிக்கொண்டார். அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய கழுத்தில் வழிகாட்டி அடையாள அட்டையும் இருக்கவில்லை. கேட்டதற்கு, புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகக் கூறினார்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிரான நாள். கண்டிக்குத் தெற்கே, கலஹா வீதியில் மலையேறி, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கற்தளத்தின் முன்னால் வானை நிறுத்தினார்கள். இதுதான் நிலம்பே அரண்மனையின் சமையற்கட்டு என்றும், இங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்த நொக்ஸ், அரசனின் படுக்கையறைக் காவலர்கள் இருவர் அவனைக் கொல்லத் திட்டமிட்டுப் பேசியதை ஒட்டுக்கேட்டு, இரவோடிரவாக அரசனிடம் ஓடிச்சென்று சொன்னார் என்றும், அரசன் சுரங்க வழியால் தப்பிய பிறகு நன்றிக்கடனாகக் கைதிகளுக்கு விடுதலை அளித்தான் என்றும் வழிகாட்டி உணர்ச்சியோடு கூறினார். மருமகள் ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டாள். அதன் பிறகு, நொக்ஸின் நூலில் அச்சிடாமல் மறைக்கப்பட்ட அத்தியாயத்தின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி ஒரு சிறுநூலை 3,500 ரூபாய்க்கு விற்றார். அவளுடைய செயற்றிட்டத்துக்கு உதவும் என்று நானே வாங்கிக் கொடுத்தேன்.

மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன வேளையில், கொழுந்துக் கூடையோடு அவ்வழியே வந்த வயதான அம்மா ஒருவரிடம் அந்தத் தளத்தைப் பற்றிக் கேட்டேன். அது காப்பிக் காலத்தில் கொட்டை காயப்போட்ட களம் என்றும், தன் பாட்டியின் தாய் அங்கே வேலை செய்தவர் என்றும் அவர் சொன்னார். மலைநாட்டில் பெருந்தோட்டக் காப்பி பரவியது 19ஆம் நூற்றாண்டில். இராசசிங்கன் இறந்தது 1687இல். ஆகவே நாங்கள் பார்த்தது எந்த அரசனுடைய சமையற்கட்டும் அல்ல. தோட்டத் தொழிலாளரின் உழைப்பு படிந்த அந்தக் களத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால்கூட நாங்கள் மகிழ்ந்து கேட்டிருப்போம்.

கதைக்கு வருகிறேன், ஏனெனில் பணத்தைவிட எனக்கு வலித்தது அதுதான். நொக்ஸ் எந்தச் சதியையும் கண்டுபிடிக்கவில்லை. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் யாருக்கும் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதில் அந்த இரவு மறைக்கப்படவுமில்லை. 1664 டிசம்பரில், சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைவராக இருந்த சேர் எட்வேர்ட் வின்ரர் எழுதிய கடிதமும், ஒல்லாந்தத் தூதர் ஒருவரின் வேண்டுகோளும் கைதிகளுக்குத் துணையாக அரசனை எட்டியிருந்தன. வெவ்வேறு ஊர்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் அனைவரும் நிலம்பேக்கு வரவழைக்கப்பட்டார்கள். அரச சேவையில் தங்க விருப்பமா என்று கேட்கப்பட்டபோது, அவர்கள் மறுத்துவிட்டு விடுதலைக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் வானில் பெரிய வால்வெள்ளி ஒன்று தோன்றியது; ஐரோப்பாவிலும் வானியலாளர்கள் குறித்து வைத்த அதே வால்வெள்ளிதான் அது. டிசம்பர் 21 நள்ளிரவில், அரண்மனைக்குள்ளேயே உடந்தையானவர்களைக் கொண்டிருந்த சுமார் இருநூறு பேர் அரசனைக் கொல்லும் நோக்கத்தோடு நிலம்பேக்குள் புகுந்து காவலர்களை வெட்டினார்கள்.

அரசன் தப்பியது சுரங்கத்தால் அல்ல. விடியும் வரை தாக்குப்பிடித்து, பிறகு ஒரு யானையை முன்விட்டுக் காட்டை முறித்து வழி செய்து, சிலரோடு மலைக்கு ஏறிப் போனான் என்று நொக்ஸ் எழுதுகிறார். அம்பன்வெல றாலவின் தலைமையிலான கிளர்ச்சியாளர்கள் கண்டிக்குச் சென்று, இன்னும் சிறுவனாக இருந்த இளவரசனை அரசனாக அறிவித்தார்கள். கைதிகளையும் தங்களோடு இழுத்துக்கொண்டு போனார்கள். மறுத்தால் கிளர்ச்சியாளர் கொல்வார்கள். சேர்ந்தால், அரசன் திரும்பி வரும் நாளில் அவன் கொல்வான். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் நின்றவர்களைத்தான் அந்த வழிகாட்டி வீரக்கதை ஒன்றின் நாயகர்களாக மாற்றியிருக்கிறார். கிறிஸ்துமஸ் நாளில், அரசனுக்கு எதிராகப் போரிடுவதற்கென்று அவர்களுக்குப் பணமும் துணியும் பங்கிடப்பட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, இளவரசன் தன் அத்தையோடு தப்பி ஓடிவிட்டான். அதோடு கிளர்ச்சி சிதறியது. நேற்றுவரை ஒன்றாக நின்றவர்கள் அரசனுக்கு விசுவாசம் காட்டும் அவசரத்தில் ஒருவரையொருவர் கொன்றார்கள்.

விடுதலை? கதவு வரை வந்திருந்த விடுதலை அந்த இரவோடு போயிற்று. கைதிகள் விரும்பிச் சேரவில்லை என்று அரசன் அவர்களைக் குற்றத்திலிருந்து நீக்கினான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்துவந்த உணவுப்படி நின்றுபோக, தெருவோரங்களில் இரந்து உண்ணும் நிலைக்கு வந்தார்கள். பின்னர் மீண்டும் ஊர்களில் அமர்த்தப்பட்டு, தொப்பி பின்னியும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார்கள். நொக்ஸ் ஒரு பின்னிய தொப்பியைக் கொடுத்துத்தான், தற்செயலாகக் கண்ட ஆங்கில வேதாகமம் ஒன்றை வாங்கினார். அவரும் சக கைதியான ஸ்டீவன் றட்லண்டும் அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு, அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தது 1679 ஒக்டோபரில். சதி நடந்த இரவிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். இதையே வழிகாட்டியிடம் கேட்டேன்: அரசன் 1664இல் விடுதலை அளித்திருந்தால், 1679இல் அவர்கள் ஏன் காட்டு வழியே ஒளிந்து ஓட வேண்டும்? "அது வேறு கதை, சேர்" என்றார். அதற்கு மேல் அவரிடம் விடை இல்லை.

அந்தச் சிறுநூலை விடுதி அறையில் இருந்து முழுவதும் வாசித்தேன். 1664இல் கொழும்பில் இருந்த ஆங்கிலேய ஆளுநர் நொக்ஸுக்கு நன்றிக் கடிதம் அனுப்பியதாக அதில் ஒரு பக்கம் இருக்கிறது. கொழும்பு 1656இலிருந்து ஒல்லாந்தர் கையில் இருந்தது; ஆங்கிலேயர் அதைப் பிடித்தது 1796இல். இப்படி ஒரு வரி போதும், மறைக்கப்பட்ட அத்தியாயம் எதுவும் இல்லை, இது யாரோ அண்மையில் உட்கார்ந்து புனைந்தது என்று காட்ட. காவலர் இருவர் பேசியதை ஒட்டுக்கேட்பதும், அந்நியன் ஒருவன் அரசனுக்கு அறிவிப்பதும் வேதாகமத்தின் எஸ்தர் நூலில் வரும் மொர்தெகாயின் கதை. சிறைப்பட்டு வந்த குலத்தில் பிறந்த மொர்தெகாய், வாசற்காவலர் இருவர் அரசனைக் கொல்லத் திட்டமிட்டதை அறிந்து எஸ்தர் மூலம் தெரிவிக்கிறான். அது அரசனின் நாளாகமத்திலும் எழுதப்படுகிறது. அந்தக் கதையை எடுத்து நிலம்பேக்குப் பொருத்தியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. அம்பன்வெல றாலவின் பெயர் அந்த நூலில் ஓரிடத்திலும் இல்லை. கிளர்ச்சிக்குக் காரணம் என்று நொக்ஸ் காட்டும் அரசனின் கொடுமையும், மக்கள் மீது சுமத்திய ஓயாத வேலையும் இல்லை. சிங்களக் குடிகள் தங்கள் அரசனுக்கு எதிராக எழுந்த ஒரு பெரிய நிகழ்வு, இரண்டு காவலரின் வஞ்சகமாகச் சுருங்கிவிட்டது.

மழையைக் காரணம் காட்டி ஹங்குராங்கெத்தவைத் தவிர்த்தார்கள்; கிளர்ச்சிக்குப் பிறகு அரசன் அரண்மனை அமைத்துத் தங்கியது அங்கேதான். மூன்றாம் நாள் அரிப்புக்குப் பதிலாக மாத்தளைப் பக்கத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்திலும் பின்னர் ஒரு இரத்தினக்கல் கடையிலும் எங்களை இறக்கிவிட்டார்கள். இரண்டு இடங்களிலும் வழிகாட்டிக்கும் கடைக்காரருக்கும் முன்பே அறிமுகம் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. கோட்டை இடிந்து கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை என்றார். இடிந்த அந்தக் கோட்டையைக் காணத்தான் நான் முற்பணம் கட்டினேன்.

ஊர் திரும்பியதும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, செல்லாத இரண்டு இடங்களுக்கும் சிறுநூலுக்கும் உரிய பணத்தைக் கேட்டேன். அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் கழிவு தருவதாகச் சொன்னார்கள். எழுத்தில் தரும்படி கேட்ட பிறகு என் அழைப்புகளை எடுக்கவில்லை. மருமகளோ அதற்கு முன்பே செயற்றிட்டத்தின் முதற்பகுதியை ஒப்படைத்திருந்தாள். ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்து, மூலநூலின் எந்த அத்தியாயத்தில் இது வருகிறது என்று ஓரத்தில் கேட்டிருந்தார். "மாமா, புத்தகத்திலேயே இருந்ததே" என்று அவள் அழுதபோது, அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் என்னால் அவளை ஆறுதற்படுத்த முடியவில்லை. இருவரும் சேர்ந்து நொக்ஸின் நூலை இரண்டு வாரம் வாசித்தோம். திருத்திய செயற்றிட்டத்தில் அவள் நிலம்பே இரவைப் பற்றி எழுதிய நான்கு பக்கங்கள், நாங்கள் பணம் கொடுத்துக் கேட்டதைவிட மிக நல்லவை.

இத்தகைய பயணத்துக்கு யாரேனும் உங்களை அழைத்தால், முற்பணம் கட்டுவதற்கு முன் வழிகாட்டியின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. அதன் 1912 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். எந்த இடம், எவ்வளவு நேரம், தவிர்த்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். நான் விளம்பரத்தை மட்டும் நம்பினேன். கைதிகள் அரசனைக் காப்பாற்றினார்கள் என்று யாரேனும் சொன்னால், 1664க்கும் 1679க்கும் இடையில் அந்தக் கைதிகள் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். சேவையில் ஏமாற்றப்பட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தை அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நான் பேசித் தீர்க்கலாம் என்று ஏழு வாரங்களை வீணாக்கினேன்.

இப்போது என் முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. வைப்புப் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், சிறுநூல், காப்பிக் களத்தின் ஒளிப்படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதே பாதையில் இதே சிறுநூலோடு திரும்பி வந்தவர்கள் இருந்தால், பற்றுச்சீட்டை எறிந்துவிட வேண்டாம். உங்கள் முறைப்பாட்டையும் தனியாக எழுதிக் கொடுங்கள்.