ஓ-1 விசா: ஊர் கன்சல்டன்சியா, கம்பெனி வக்கீலா, நாமே பிடிக்கும் வக்கீலா?

அமெரிக்க வேலை விசாவான ஹெச்-1பி-க்குக் குலுக்கல் ஒருபக்கம், 2025 செப்டம்பரில் புது மனுக்களுக்கு அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் இன்னொருபக்கம். அதுமுதல் மதுரையிலும் டாக்டர், பேராசிரியர், ஸ்டார்ட்அப் ஆட்கள் நாலு பேர் கூடினால், துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் ஓ-1 விசா பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. குலுக்கல் இல்லை, ஆண்டு உச்சவரம்பு இல்லை, முதல் தடவை மூன்று வருடம் வரை கிடைக்கும். அறிவியல், கல்வி, தொழில் துறை ஆட்களுக்கு ஓ-1ஏ. நோபல் மாதிரிப் பெரிய பரிசு கையில் இல்லாதவர்கள் எட்டு அளவுகோல்களில் மூன்றையாவது நிரூபிக்க வேண்டும். இதெல்லாம் தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைப்பது. யாரை வைத்து மனு போடுவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

என் துறை கண் லென்ஸ் வடிவமைப்பு. நான் போனது மூன்றாவது வழி, அதாவது அமெரிக்க வக்கீலை நானே தேடிப் பிடித்தேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

முதலில் ஊர் கன்சல்டன்சி. பைபாஸ் ரோடு, கே.கே.நகர் பக்கம் போர்டுக்குக் குறைவில்லை. தமிழில் பேசலாம், நேரில் போய் உட்காரலாம், கட்டணமும் குறைவு. படிப்பு விசாவுக்கு, டிஎஸ்-160 விசா விண்ணப்பம் நிரப்ப, சென்னையில் நேர்காணல் தேதி பிடிக்க உதவியாக இருப்பார்கள். ஆனால் ஓ-1 மனு போவது அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-க்கு. அங்கே நம் சார்பில் நிற்க அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்றில் உரிமம் பெற்ற வக்கீல் வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதி வேண்டும். அவர் கையெழுத்துப் போடும் படிவம் ஜி-28.

நான் போன இடத்தில் அதைத்தான் கேட்டேன். "ஜி-28-ல யாரு சார் கையெழுத்துப் போடுவாங்க?"

"நமக்கு அங்க டை-அப் வக்கீல் இருக்காரு சார்."

"பேரு?"

"மொதல்ல அட்வான்ஸ் கட்டுங்க சார், ஃபைல் ஓப்பன் ஆனதும் சொல்லிருவோம்."

பெயர் தெரிந்தால் அந்த மாநில வக்கீல்கள் அமைப்பான பார் அமைப்பின் தளத்தில் காசில்லாமலே உரிமத்தைச் சரிபார்க்கலாம். பெயரையே சொல்லாத இடத்தில் எதைச் சரிபார்ப்பது? போதாததற்கு, விருது வாங்கித் தருகிறோம், பத்திரிகையில் கட்டுரை போட வைக்கிறோம் என்று தனி பேக்கேஜ் வேறு. பொய்ச் சான்று கொடுத்து விசா கேட்டதாக முடிவானால் அமெரிக்கா போகும் தகுதியே ஆயுசுக்கும் போய்விடும். எல்லா ஏஜென்சியும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், நான் பார்த்தது கொஞ்சம்தான்.

கம்பெனி வக்கீல். பெரிய கம்பெனியோ பல்கலைக்கழகமோ கூப்பிட்டால் யோசிக்காமல் இதற்கே போகலாம், நம் கையிலிருந்து செலவு இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ஓ-1 மனுதாரர் முதலாளி அல்லது அமெரிக்காவில் உள்ள ஏஜென்ட், நமக்கு நாமே போட முடியாது. அதனால் அந்த வக்கீல் முதலில் பார்ப்பது கம்பெனியின் நலனைத்தான். வேலை போனால் 60 நாளுக்குள் அடுத்த வழி தேட வேண்டும். பழைய மனுவின் நகல் கையில் இருந்தால் புது மனு பாதி தயார். சேரும்போதே நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.

என்னைக் கூப்பிட்டது சின்ன நிறுவனம், அவர்களுக்கு வக்கீல் கிடையாது. நான் காட்டியவரையே அமர்த்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். கட்டணம் ஏஜென்சி கேட்டதைவிடப் பல மடங்கு. ஆனாலும் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் ஆர்எஃப்இ.

கூடுதல் சான்று கேட்டு அதிகாரி அனுப்பும் கடிதம் அது. கெடு அதிகபட்சம் 84 நாள், நீட்டிப்பு கிடையாது. பதிலை ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும், பாதியை அனுப்பிவிட்டு மீதிக்குத் தவணை கேட்க முடியாது. ஏஜென்சியில் கேட்டபோது "வராது சார்" என்றார்கள். இந்த வக்கீல் "வரலாம், வந்தால் பதில் எழுதும் கட்டணமும் இதிலேயே அடக்கம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

மனு போடும் முன்பே பாதியைக் கழித்துவிட்டார். கிளப் கொடுத்த ஷீல்டு போச்சு, தேசிய அளவில் மதிப்புள்ள விருதுதான் செல்லும். என்னைப் பற்றித் தமிழ் நாளிதழில் வந்த செய்தியையும் ஓரம் கட்டினார். தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டுமாம், அதில் இருந்ததோ "நமது நிருபர்". தமிழ்ச் சான்று எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு சரி என்று எழுதித் தரும் உறுதிமொழியும் போதும். நோட்டரி முத்திரைக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

"ஊரே அறியும்" என்பது அங்கே செல்லாது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கி எவ்வளவு வளர்ந்தது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஃபைலைப் பிரிக்கும் அதிகாரிக்கு, 2010-ல் அது ஹில்டன் மனிதநேயப் பரிசு பெற்றது போல வெளியாள் கொடுத்த சான்றை எடுத்து வைக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆர்எஃப்இ வந்தது. என் பங்களிப்பால் துறையில் என்ன மாறியது என்று கேட்டிருந்தார்கள். பழைய பரிந்துரைக் கடிதம் ஒன்றில் "தலைசிறந்த விஞ்ஞானி, கடின உழைப்பாளி" என்று இருந்தது. வக்கீல் அந்தப் பேராசிரியரிடமே பேசிப் புதுக் கடிதம் வாங்கினார். லென்ஸின் விளிம்பு வடிவத்தில் நான் செய்த மாற்றம் என்ன, அது எந்த வருடம் தயாரிப்புக்குப் போனது, இன்று எங்கெல்லாம் விற்கிறது, அதற்கான ரசீது எந்த இணைப்பில் இருக்கிறது. புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. மனு தேறியது.

இபி-1ஏ கிரீன் கார்டு வேறு கணக்கு. அதற்கு முதலாளி தேவையில்லை, நாமே மனு போடலாம், வக்கீல் இல்லாமல் ஜெயித்தவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் போனதில்லை. சினிமா, இசைக் கலைஞர்களுக்கான ஓ-1பி பற்றியும் என் அனுபவத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஓ-1ஏ-வுக்கு வக்கீல் தேடுகிறவர்கள் கட்டணத்தைக் கேட்கும் முன் ஆர்எஃப்இ அதில் அடக்கமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.