கரட்டா, பப்பாசியா, குளிசையா? கரோட்டீனாய்டும் புற்றுநோய்த் தடுப்பும்

பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர், கரட்டின் நிறமியான பீட்டா கரோட்டீனைக் குளிசையாக எடுக்கக்கூடாது. 'கண்ணுக்கும் நல்லது, புற்றுநோயும் அண்டாது' என்று யார் சொல்லித் தந்தாலும் வேண்டாம். மற்ற ஒப்பீடெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கரட், பூசணி, பப்பாசி, தக்காளி இவற்றின் மஞ்சளும் சிவப்பும் கரோட்டீனாய்டு என்ற நிறமிக் குடும்பத்தால் வருபவை. பீட்டா கரோட்டீன் அதில் ஒன்று, உடல் அதை விட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கீரையிலும் அது நிறைய உண்டு, பச்சையம் மூடி மறைத்திருக்கிறது. இவற்றை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை 1970களிலேயே கவனித்திருந்தார்கள். அதற்குக் காரணம் பீட்டா கரோட்டீன்தானா என்ற கேள்வியை 1981 இல் பிரித்தானியப் புற்றுநோய் ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டோவும் சகாக்களும் எழுப்பினார்கள். விடை தேடிப் பெரிய பரிசோதனைகள் தொடங்கின.

பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் கொடுத்தார்கள். 1994 இல் முடிவு வெளியானபோது, அந்தப் பாதியில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், அஸ்பெஸ்டஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேர் சேர்ந்த பரிசோதனையில் 30 மில்லிகிராமுடன் விட்டமின் ஏயும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க ஆண் வைத்தியர்களிடம் 12 ஆண்டு பார்த்ததில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சீனாவின் லின்சியானில் மட்டும் இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 சதவீதம் குறைந்தது. ஆனால் அது ஊட்டம் குறைந்த மக்கள் வாழ்ந்த இடம், குளிசையில் செலினியமும் விட்டமின் ஈயும் கூட இருந்தன. அதைக் கரோட்டீன் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

ஒரே பொருள் கறியில் வந்தால் ஒன்றும் செய்யாமல், குளிசையில் வந்தால் ஏன் கெடுக்கிறது? முக்கிய காரணம் அளவு. உணவிலிருந்து 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டீன் போனால்தான் உடலுக்கு 1 மைக்ரோகிராம் விட்டமின் ஏ கிடைக்கும். எண்ணெயில் கரைத்த குளிசை என்றால் 2 மைக்ரோகிராமே போதும். அந்தக் கணக்கில் 20 மில்லிகிராம் குளிசை ஒன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரட்டுக்குச் சமம், அதுவும் தினமும். அவ்வளவும் புகை படிந்த நுரையீரலில் சேரும்போது ஒட்சியேறி உடைகிறது. கலங்கள் ஒழுங்காக வளர உதவும் ரெட்டினோயிக் அமிலம் அங்கே குறைகிறது. புகைக்கு உட்படுத்திய ஃபெரட் விலங்குகளில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

இனிச் சந்தைக்கு வருவோம். திருகோணமலைக்குக் கரட் மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிறது, பப்பாசி வீட்டு வளவிலேயே காய்க்கிறது. 100 கிராம் கரட்டில் பீட்டா கரோட்டீன் 8 மில்லிகிராம் அளவில், பூசணியில் 3, பப்பாசியில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கரட்டில் அது கெட்டியான கலச்சுவருக்குள் பளிங்காக அடைபட்டிருக்கிறது, பப்பாசியில் இளகிய நிலையில் இருப்பதால் குடல் எளிதில் எடுக்கிறது. 2014 இல் அளந்து பார்த்தபோது பப்பாசியின் பீட்டா கரோட்டீன் கரட்டினுடையதைவிட மூன்று மடங்கு சுலபமாக இரத்தத்தில் சேர்ந்தது. அப்படிப் பெருக்கினாலும் அளவில் கரட்டே முன்னுக்கு நிற்கும். ஆனால் சிவந்த சதைப் பப்பாசியில் லைகோபீன் என்ற சிவப்புக் கரோட்டீனாய்டும் கூட வருகிறது, சமைக்கவும் தேவையில்லை. மஞ்சள் சதைப் பழத்தில் அந்த லைகோபீன் கிடைக்காது.

கரட்டை வெறும் சாறாக்கி வெறுவயிற்றில் குடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இந்த நிறமிகள் கொழுப்பில் கரைபவை, கொழுப்பில்லாமல் போனால் பெரும்பகுதி வீண். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்புப் போதும். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவில் அது இருக்கிறது. கரட் சம்பலும் பூசணிப் பால்கறியும் சாற்றை வெல்வது இதனால்தான்.

தக்காளிக்கு நெருப்பு வேண்டும். எண்ணெயில் குழைய வதக்கும்போது கலச்சுவர் உடைந்து லைகோபீன் வெளியே வரும். சமைக்காத தக்காளிப் பழத்தைவிடக் காய்ச்சி இறுக்கிய தக்காளி விழுதிலிருந்து இரத்தத்தில் ஏறிய உச்ச அளவு இரண்டரை மடங்கு. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு லைகோபீன் மாத்திரை என்றால், 2007 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆதாரங்களைச் சலித்துப் பார்த்து, நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

எங்கள் தேர்வு முருங்கை இலை வறை. இலையைக் கழுவிப் பொடியாக அரியுங்கள், அரிய அரியக் கலம் உடையும். தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் இலையைப் போட்டு மூடி நாலைந்து நிமிடம் வையுங்கள். இறக்கும்போது ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ. வதக்காமல் அவித்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால் கரோட்டீன் போகாது, விட்டமின் சியும் ஃபோலேட்டும் போய்விடும். இலையைப் பொடியாக்க வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறும், கரோட்டீனும் அதோடு போகும். நிழலில் உலர்த்தி ஒளிபடாத போத்தலில் வையுங்கள்.

இந்தச் சாப்பாடு புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்ல முடியுமா? 2012 இல் எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இரத்தத்தில் கரோட்டீனாய்டு மிகக் கூடிய ஐந்திலொரு பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைந்த பங்கினரைவிட மார்பகப் புற்றுநோய் 19 சதவீதம் குறைவு. ஆனால் கீரை சாப்பிடுபவர் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். ஆகவே இது நல்ல அறிகுறி, நிரூபணம் அல்ல.

வெற்றிலை போடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தருவதே என்று 2004 இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. கேரளத்தில் புகையிலை மெல்லுபவர்களின் வாயிலிருந்த வெள்ளைப் படலத்துக்கு பீட்டா கரோட்டீன் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மறைந்தது, நிறுத்தியபின் அவர்களில் பாதிப்பேருக்குத் திரும்பி வந்தது. கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தும் போகாத வெள்ளையோ சிவப்போ தெரிந்தால், அல்லது புண் இரண்டு கிழமையில் ஆறாவிட்டால், பப்பாசியை நம்பிக் காத்திராமல் ஆஸ்பத்திரிப் பல் சிகிச்சைப் பிரிவில் அந்தக் கிழமையே காட்டுங்கள்.