மைன்கிராஃப்ட் சேர்வர்: திறந்த காடா, வேலி போட்ட காணியா?

எங்கள் வீட்டு முன்னறையில், அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மேசைக் கணினி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு ஜிபி நினைவகமும், வயதுபோன ஒரு ஐ5 செயலியும் அதன் சொத்து. மைன்கிராஃப்ட் என்பது, பிளாக் என்ற கனசதுரக் கட்டிகளால் ஆன உலகத்தில் தோண்டியும் கட்டியும் விளையாடும் விளையாட்டு. அக்காவின் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாட வைக்கும் சேர்வர், அதன் கணினிப் பதிப்பான ஜாவாவுக்குரியது, அதில்தான் இருக்கிறது. கிளிநொச்சியில் ஐந்து பேர், புதுக்குடியிருப்பில் மூன்று பேர், மாங்குளத்தில் ஒருவன், நமக்கு விடியும் நேரத்தில் ரொறன்ரோவில் இருந்து வந்துபோகும் இரண்டு மச்சாள்மார். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. பாதிப்பேர் கைத்தொலைபேசியில் பெட்ராக் பதிப்பை வைத்துக்கொண்டு, கீசர் என்ற செருகுநிரல் வழியாக உள்ளே வருகிறார்கள்.

முதல் உலகத்துக்கு எல்லை வைக்காமல் திறந்த காடாக விட்டேன். நான்கு மாதம் தாங்கியது. இப்போதைய உலகத்துக்கு வேலி போட்டு, வேலிக்குள் அடங்கும் நிலம் முழுவதையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்தேன். அது ஒரு வருடத்தைத் தாண்டி ஓடுகிறது. இரண்டையும் கட்டி மேய்த்தவன் என்ற முறையில் நான் வேலியின் பக்கம் நிற்கிறேன். நடுநிலையை எதிர்பார்த்து இதை வாசிக்க வேண்டாம்.

முதலில், பலரும் சறுக்கும் ஓர் இடம். சேர்வர் முதன்முறை ஓடும்போது மட்டுமே, அமைப்புகளை எழுதிவைக்கும் சேர்வர்.புரொப்பர்ட்டீஸ் கோப்பைப் பார்த்து உலகத்தை உருவாக்குகிறது. நிலம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும் விதை எண், உலக வகை, ஊர்களும் கோட்டைகளும் வேண்டுமா என்ற தெரிவு, மூன்றும் அப்போதே லெவல்.டாட் கோப்பில் பதிந்துவிடும். பிறகு புரொப்பர்ட்டீஸ் கோப்பில் எதை மாற்றி எழுதினாலும் அந்த உலகம் காதில் வாங்காது. இது தெரியாமல், உலக வகையை மாற்றுவதும் சேர்வரை நிறுத்தித் தொடங்குவதுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

உலக வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சமதளம் என்றால் அடியில் பாறை, மேலே இரண்டு அடுக்கு மண், அதன்மேல் புல். தாதும் இல்லை, மரமும் இல்லை. உயிர் பிழைக்கும் விளையாட்டுக்கு உதவாது. கட்டிப் பழக அதைவிட நல்லது கிடையாது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைக் கட்ட வேண்டும் என்று பொடியன்கள் தனியாக ஒரு சமதளம் கேட்டார்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் முடித்த குளத்தை நான்கே மாலைகளில் முடித்துவிட்டார்கள். வான்கதவு திறக்காது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

மலைகளை வானம் வரை இழுத்து நிறுத்தும் 'ஆம்ப்ளிஃபைட்' வகையை ஒரே ஒரு மாலை ஓடவிட்டேன். பார்க்க அழகு. எங்கள் கணினி மூச்சு வாங்கியது; பிள்ளைகள் விழுந்து விழுந்து செத்தார்கள். ஒரு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்றாலும், இரண்டாவது மாலைக்கு எவரும் கேட்கவில்லை.

'லார்ஜ் பயோம்ஸ்' என்ற பெருந்திணை உலகத்தை இரண்டு வாரம் பார்த்தோம். (பெருந்திணை என்றதும் தமிழ் ஆசிரியர்கள் முறைப்பார்கள், நான் சொல்வது நிலத்தை மட்டும்.) இதில் காடு, பாலை, புல்வெளி ஒவ்வொன்றும் நீளத்தில் நான்கு மடங்கு, அகலத்தில் நான்கு மடங்கு விரியும். பரப்பளவு பதினாறு மடங்கு. அதாவது சாதாரண உலகத்தில் கிடைக்கிற அதே விதவிதமான நிலங்களைப் பார்க்க, இங்கே பதினாறு மடங்கு நிலத்தை உருவாக்கியாக வேண்டும். அந்த நிலத்தை எந்த வன்தட்டில் வைப்பது? ஆகவே எங்களுக்கு எஞ்சியது சாதாரண வகைதான். கட்டமைப்புகளை அணைக்க வேண்டாம். அணைத்தால் ஊர்களோடு நிலத்தடிக் கோட்டைகளும் போய்விடும். கோட்டை இல்லாவிட்டால், விளையாட்டின் கடைசிக் கட்டமான எண்ட் உலகத்துக்கு வாசலே இல்லை.

விதை எண்ணுக்கு ஒரு சின்ன உபாயம். 1.18 பதிப்புக்குப் பிறகு ஒரே விதைக்கு ஜாவாவிலும் பெட்ராக்கிலும் தரைத்தோற்றம் பெரும்பாலும் ஒன்றாகவே வருகிறது. ஊர்களும் கோட்டைகளும்தான் இடம் மாறும். எனவே பொடியன்களிடம் பத்து விதைகளைக் கொடுத்து, தொலைபேசியிலேயே போய்ப் பார்த்து வரச் சொன்னேன். தண்ணீருக்குப் பக்கத்தில் சமதரையும், நடந்து போகும் தூரத்தில் காடும் இருந்த விதையை ஒரே குரலில் தெரிவு செய்தார்கள். குளத்தைப் பார்த்து ஊர் வைக்கிற வன்னிப் புத்தி எங்கே போகும்?

இனி விசயத்துக்கு வருகிறேன்.

மைன்கிராஃப்ட் உலகம் முழுவதாகப் பிறப்பதில்லை. யாராவது நடந்து போகப் போக, பதினாறுக்குப் பதினாறு பிளாக் கொண்ட துண்டுகளாக உருவாகி, வன்தட்டில் எழுதப்படுகிறது. எவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் நடுவில் இருந்து ஒவ்வொரு திசையிலும் 2,99,99,984 பிளாக் வரை போகலாம். ஒரு பிளாக் ஒரு மீற்றர் என்பதால், இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு 60,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர்தான்.

அவ்வளவு தூரம் யார் போகப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது மாதத்தில் ஒருவனுக்கு எலிட்ரா இறக்கை கிடைத்தது. வாணவெடியைக் கொளுத்திக்கொண்டு பறந்தால் வினாடிக்கு 30 பிளாக்குக்குமேல் போகலாம். ஆளைச் சுற்றி எத்தனை துண்டு வரை காட்டுவது என்ற பார்வைத் தூரம் வழக்கமான பத்தில் இருந்தால், பறப்பவனின் இரு பக்கமும் பத்துப் பத்துத் துண்டுகள், நடுவில் ஒன்று, ஆக 21 துண்டு அகலத்துக்கு நிலம் விரிய வேண்டும். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய நாற்பது புதிய துண்டுகள். எங்கள் கிழட்டுச் செயலி அதற்கு எங்கே போகும்? சேர்வர் வினாடிக்கு இருபது முறை துடிக்க, அதாவது உலகத்தைப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு ஏழெட்டு முறைதான் துடித்தது. பறந்தவன் சுகமாகப் பறந்தான். வீட்டில் இருந்து கிழங்கு பிடுங்கிய பிள்ளைக்குத்தான் பிடுங்கிய கிழங்கு திரும்பவும் மண்ணுக்குள் போனது. 'மாமா, சேர்வர் செத்துவிட்டது' என்று ஒரே நேரத்தில் நான்கு குரல் பதிவுகள்.

பார்வைத் தூரத்தை ஆறாகக் குறைத்துச் சமாளித்தேன். ஆனால் தடுமாற்றத்தைவிட எனக்குப் பெரிய தலையிடி காப்புப் பிரதி. எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லாமல் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் உலகக் கோப்பு பழுதாகலாம். ஆகவே வெள்ளி இரவுகளில் உலகம் முழுவதையும் ஒரு வெளி வன்தட்டுக்கும், மாதம் ஒருமுறை இணையத்துக்கும் அனுப்புவது வழக்கம். நான்கு மாத முடிவில் திறந்த உலகம் 7 ஜிபியைத் தாண்டியது. அதை 4ஜி ரவுட்டரில் ஏற்றிய மாதம், டேட்டா பாதியில் தீர்ந்து வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த 7 ஜிபியில் வீடும் வயலும் இருந்த நிலம் அரை ஜிபிகூட வராது. மிச்சமெல்லாம் எவனோ ஒருமுறை தலைக்குமேல் பறந்து போன வெறுங்காடு.

வெறுங்காட்டை வெட்டி எறியலாம் என்று பார்த்தேன். உலகத்தை வரைபடமாகக் காட்டி, ஆள் அதிக நேரம் நிற்காத துண்டுகளை அழிக்கிற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஆட்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று விளையாட்டே குறித்து வைக்கிறது. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த எல்லாவற்றையும் அழித்தேன். 7 ஜிபி ஒரு ஜிபிக்குக் கீழே வந்தது. அடுத்த நாள் புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு வந்தது. யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்று தொலைதூரத்தில் ஒரு பெட்டியைப் புதைத்து வைத்திருக்கிறது. புதைக்க மூன்று நிமிடம்தான் எடுத்ததாம். அதற்குள் வைரம் முப்பத்திரண்டு. தவறு முழுக்க என்னுடையது. காப்புப் பிரதியில் இருந்து அந்தத் துண்டை மீட்டுக் கொடுத்தேன் என்றாலும், பிறகு அழித்தல் பொத்தானைத் தொட மனம் வரவில்லை.

அதனால்தான் இரண்டாவது உலகத்துக்கு முதலே வேலி. நடுப்புள்ளியில் இருந்து ஒவ்வொரு பக்கமும் 3,000 பிளாக். கண்டி வீதியால் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பதுபோல, எங்கே புறப்பட்டாலும் பொடியன்கள் நடுவில் கூடித்தான் போகிறார்கள். அங்கிருந்து வேலி வரைக்கும் ஓடினால் ஒன்பது நிமிடம். சிறியது என்று முறையிட்டவர்களுக்குக் கணக்குக் காட்டினேன்: 36 சதுர கிலோமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 8,900 ஏக்கர். தலைக்கு 740 ஏக்கருக்கு மேல். காணிக் கச்சேரியில் எவருக்குக் கிடைக்கும் இவ்வளவு?

ஏன் 3,000 என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. ஜாவா பதிப்பில் முதல் மூன்று நிலத்தடிக் கோட்டைகளும் நடுவில் இருந்து 1,280க்கும் 2,816க்கும் இடைப்பட்ட வளையத்தில்தான் பிறக்கும். 3,000 வைத்தால் மூன்றும் உள்ளே அகப்படும். இதைத் தெரிந்துகொண்டும் கோட்டை விட்டேன் என்பது வேறு கதை. வேலி போடும் 'வேர்ல்ட்போர்டர்' கட்டளை முழு அகலத்தைக் கேட்கிறது. நிலத்தை முன்கூட்டி உருவாக்கும் 'சங்கி' செருகுநிரல் ஆரத்தைக் கேட்கிறது. நான் இரண்டிலும் 3,000 என்று அடித்தேன். வேலி 1,500இல் விழுந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குப் பிறகு பிள்ளைகள் கோட்டையைத் தேடி, அது இருக்கும் திசையில் பறந்து வழி காட்டும் எண்டர் கண்ணை எறிந்தார்கள். கண் வேலியைத் தாண்டித் தாண்டிப் பறந்தது. என்னைச் சந்தேகப்படாமல் விளையாட்டைச் சந்தேகப்பட்டார்கள். நான் அன்றிரவு சத்தமில்லாமல் 6,000 என்று திருத்தினேன். வெளியே நிலம் ஏற்கெனவே தயாராக இருந்ததால் ஒரு நொடியில் முடிந்தது.

உருவாக்கும் வேலையை எவரும் விளையாடாத இரவில் ஓடவிட வேண்டும். 1,40,000 துண்டுகளை முடிக்க எங்கள் கணினி மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. இடையில் நிறுத்தினால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். நெதர் என்ற பாதாள உலகத்தில் வைக்கும் ஒரு அடி, மேலுலகத்தில் எட்டு அடிக்குச் சமம் என்பதால், அங்கே 375 ஆரம் போதுமானது. எல்லாம் சேர்த்து ஒன்றரை ஜிபியை ஒட்டி நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகும் இரண்டு ஜிபியைத் தொடவில்லை. எலிட்ரா வைத்திருப்பவர்கள் இப்போது நான்கு பேர். ஒரே நேரத்தில் நால்வரும் பறந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் திரும்பிப் போவதில்லை, ஏனென்றால் ஏற்கெனவே எழுதிய நிலத்தை வாசிப்பது புதிதாக உருவாக்குவதைவிட மிக இலகு.

வேலியால் இழப்பும் உண்டு. புதிய பதிப்பு வந்தால், அதில் சேர்க்கும் இடங்கள் புதிதாக உருவாகும் துண்டுகளில் மட்டுமே வரும். 2024 ஜூனில் 1.21 வந்தபோது சோதனை அறைகள் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய பதிப்பில் நிலம் முழுவதையும் உருவாக்கி வைத்திருப்பவனின் வேலிக்குள் அப்படி ஒன்று எப்போதும் முளைக்காது. திறந்த உலகத்தில் கொஞ்சத் தூரம் நடந்தாலே கிடைத்துவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் மருந்து, பதிப்பு மாறும்போது வேலியை ஒவ்வொரு பக்கமும் ஆயிரம் பிளாக் தள்ளிப் போடுவது. சங்கி ஏற்கெனவே உள்ள துண்டுகளை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் உருவாக்கும். ஒருமுறைதான் செய்திருக்கிறேன், சிக்கல் வரவில்லை. ஐந்தாறு முறை தள்ளிய பிறகு எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது. காட்டு மாளிகைபோல் அருமையாகக் கிடைக்கும் இடங்களும் இவ்வளவு நிலத்துக்குள் அகப்படாமல் போகலாம். எங்களுக்கு அகப்படவில்லை.

பன்னிரண்டு பேருக்குமேல் வைத்து நான் நடத்தியதில்லை. ஐம்பது பேர் வந்தால் 3,000 ஆரம் நெருக்கடியாகத்தான் இருக்கும். நல்ல செயலியும் கம்பி இணைப்பும் உள்ளவர்களுக்குத் திறந்த உலகம் தலையிடி தராமலும் இருக்கலாம். மைன்டெஸ்ட் என்று இருந்து 2024இல் லுவான்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட இலவச விளையாட்டிலும் உலக எல்லையைத் தொடக்கத்திலேயே குறிக்க முடியும்; அதை ஒரு நாளுக்குமேல் ஓட்டிப் பார்க்காததால் பக்கத்தில் வைத்து ஒப்பிட மாட்டேன்.

அக்காவின் மகன் இப்போது வடக்கு வேலியோடு ஒட்டி ஒரு காவல் கொட்டில் கட்டியிருக்கிறான். யானை வராத உலகத்தில் எதற்குக் காவல் என்று கேட்டேன். வேலி தள்ளும் அன்றைக்கு முதல் ஆளாக அந்தப் பக்கம் ஓட வேண்டுமாம். திகதியை முன்கூட்டிச் சொல்லச் சொல்லி நச்சரிக்கிறான். மற்றவர்களுக்குச் சொல்லாமல் அவனுக்கு மட்டும் சொல்ல முடியாது என்று இதுவரை சமாளித்து வருகிறேன்.