குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: "இன்ஜெக்டர் போச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள் உறைபனி தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். ஊட்டியில் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் கார் ஒன்றுக்கு நடந்தது இது. பனி விழுந்த காலைகளில் செல்ஃப் நன்றாகவே சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்க நேரமாகும். பிடித்ததும் உதறல், வெள்ளைப் புகை, டீசல் நெடி. கொஞ்சம் சூடேறியதும் எல்லாம் அடங்கிவிடும். பகலில் சாவியைத் திருப்பிய உடனே ஸ்டார்ட்.

பட்டறையில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். பிறகு செல்ஃப் மோட்டார். அதன்பின் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி 'சர்வீஸ்'. பில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அடுத்த பனிக்காலையில் அதே உதறல், அதே புகை. வேறு இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது நான்கு ஹீட்டர் பிளக்கில் மூன்று செத்துப் போயிருந்தன. நான்கையும் புதிதாகப் போட ஆன செலவு சில ஆயிரம்தான்.

வண்டி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் கோபம் வரவைக்கிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஜில்லிட்ட சிலிண்டர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். குறைகிற சூட்டைக் கொடுப்பது ஹீட்டர் பிளக். வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். அதாவது டீசல் உள்ளே வந்துவிட்டது, சூடுதான் போதவில்லை. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால்தான் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் பக்கம் முதலில் போக வேண்டும். தேய்ந்த இன்ஜெக்டர், டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் வழியே டீசலைக் கசியவிடும், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில் (ரெயில்) பிரஷர் ஏறாது. சூட்டில் டீசல் இளகுவதால் அந்தக் கோளாறு இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அதிகம் தொல்லை தரும். சூட்டில் உடனே பிடிக்கிற வண்டியில் முதல் சந்தேகம் இன்ஜெக்டர் மேல் விழ நியாயமே இல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது பேட்டரியையும் மோட்டாரையும் மாற்றியதற்கும் நியாயமில்லை.

குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் பார்க்க முடியும். வண்டியை முந்தின மாலையே பட்டறையில் விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு ஸ்கேனர் மாட்டிச் சொல்லும் தீர்ப்பை நம்பாதீர்கள். பி0380, பி0671 முதல் பி0674 வரையிலான பிழைக் குறியீடு (கோட்) ஸ்கேனரில் வந்தால் அது ஹீட்டர் பிளக் சர்க்யூட். குறியீடு வராததால் பிளக் நல்லது என்று ஆகிவிடாது. எல்லா பிளக்குக்கும் ஒரே ரிலேயில் (கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) ஓடும் பல வண்டிகள் தனித்தனி பிளக்கைக் கவனிப்பதில்லை.

பேட்டரி விற்கும் வழி ஒன்று உண்டு. காலையெல்லாம் செல்ஃப் அடித்து ஓய்ந்த பேட்டரியில் லோட் டெஸ்டர் (சுமை கொடுத்து வோல்ட் பார்க்கும் கருவி) வைத்து, "பாருங்க, விழுந்துடுச்சு" என்று காட்டுவார்கள். எந்த நல்ல பேட்டரியும் அப்போது விழும். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழுமை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியோடு நிற்காமல் வயரையும் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றித் துரு சுரண்டி மாட்டுங்கள். பாசிட்டிவ் பக்கம் பேட்டரி முனையிலிருந்து மோட்டார் போல்ட் வரை 0.5-க்கு மேல் போகக்கூடாது. 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் குளிரில் சுற்று மந்தமாகும்.

ஹீட்டர் பிளக் சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். நான்கையும் இணைக்கும் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக் முனைக்கும் பிளாக்குக்கும் இடையே ஓம் பாருங்கள். சாதாரண உலோகப் பிளக் 0.5 முதல் 1.5 ஓமுக்குள் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் செத்தது. கனெக்டரைக் கழற்றாமல் பார்த்தால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்றையும் மறைத்துவிடும். நான்கும் நன்றாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் சாவி போட்டதும் கனெக்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே, ஃபியூஸ். செராமிக் பிளக்குகளுக்குப் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கக் கூடாது, எரிந்துவிடும்.

மாற்றும்போது அவசரப்பட்டால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து, செலவு பல மடங்காகும். முந்தின இரவே துரு இளக்கும் ஆயிலை விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாகக் கழற்ற வேண்டும். முறிந்தால் செலவு யாருடையது என்பதை வேலை தொடங்குமுன் பேசுங்கள். புதியதை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கே முடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் வழியே ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் செய்து காட்டுபவரைத் தடுத்துவிடுங்கள்: பழுத்த ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் இன்டேக்கிலேயே வெடிக்கும்.

இன்ஜெக்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னில் வரும் டீசல் அளவையும் நான்கு பாட்டிலில் தனித்தனியாகப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்திருக்கும் குறியீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது குறியீடு வேறாக இருந்தால் உங்கள் இன்ஜெக்டர் கைமாறிவிட்டது. மாட்டும்போது காப்பர் வாஷர் புதிதாக இருக்க வேண்டும்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. பில்லோடு, கோளாறு தீரவில்லை என்பதற்கு வேறொரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த மீட்டர் அளவுகளையும், காலை ஸ்டார்ட்டின் வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள்.